பிரேக் பிடிக்கவில்லை என்றார்

கலியாணம் முடித்து நான் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்த புதிதில் என் கணவர் என்னிடம் கேட்ட முதல் உதவி, காருக்குள் ஏறிப் பிரேக் பெடலை மிதிக்கச் சொன்னதுதான். நான் புதுச் சேலையோடு ஏறி உட்கார்ந்தேன். அவர் காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் கிழிந்த பாய் ஒன்றைப் போட்டுப் படுத்துக்கொண்டார். "அமத்தும்" என்றால் நான் பெடலை அழுத்த வேண்டும். "பிடியும்" என்றால் காலை எடுக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். அவர் அடியில் ஒரு சின்ன ஆணியைத் திறப்பார். பிரேக் ஒயில் குமிழி குமிழியாகக் குழாய் வழியே போத்தலுக்குள் விழும். என் கால் தானாகக் கீழே இறங்கும். ஆணியை இறுக்கிவிட்டு "விடும்" என்பார். நாலு சில்லுக்கும் இதே கூத்து. உள்ளே காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். காற்றுப் போய்விட்டால் கல்லு மாதிரி நிற்கும். எயார் எடுக்கிறது என்று இதற்குப் பெயர். தனி ஆளாகச் செய்வது கஷ்டம்.

"இதுக்காகத்தான் என்னைக் கட்டினீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். வேற ஆர் இவ்வளவு நேரம் பேச்சுக் கேட்டுக்கொண்டு இருப்பினம்?" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. நான் அவர் பேச்சைக் கேட்ட ஒரே இடம் அதுதான் என்று அவருக்கும் தெரியும்.

அவர் வார்ஃப் கிளார்க். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை. நாள் முழுக்க வெயிலில் ஓடித் திரிய வேண்டும். நான் வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். அவர் கத்தோலிக்க வேதக்காரர், நாங்கள் சைவம். இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அலுத்துப்போய் இறக்கி வைத்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்த இடத்தில்தான் அந்தச் சின்ன வெள்ளை ஜப்பான் கார் வந்து குந்திக்கொண்டது என்று சொந்தக்காரர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குப் பக்கத்தில் அவர் இருக்கும்போது முகத்தில் வருகிற சந்தோஷம் வேறு எங்கும் வந்ததில்லை, என் பக்கத்தில் இருக்கும்போதுகூட. இதைப் பொறாமை என்று சொன்னால், ஓம், பொறாமைதான்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, களுத்துறைப் பக்கம் கிடந்த ஒரு பழைய விமான ஓடுபாதையை இடைக்கிடை ஞாயிற்றுக்கிழமைகளில் கார்க்காரருக்குத் திறந்துவிட்டார்கள். அது பந்தயம் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ரோட்டில் ஓடுகிற எந்தக் காரையும் கொண்டுபோய், மனம் ஆறும்வரை வேகமாக ஓட்டலாம். அவரோடு வேலை செய்த ஒரு சிங்களப் பையன் அழைத்துப் போனான். வருடக்கணக்காகச் சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி நிறுத்தி, இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பின்பெட்டியைத் திறந்து காட்டியே வயது போன மனுசனுக்கு, நிறுத்தச் சொல்ல ஒருவரும் இல்லாத ஒரு மைல் ரோட்டைக் காட்டினால் என்ன நடக்கும்? பைத்தியம் பிடித்தது. எனக்கு அது விளங்கியது. விளங்கியது என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் அதையே சாட்டாகப் பிடித்துக்கொள்வார்.

முதல் நாளே கார் காலை வாரியது. ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு கூரான திருப்பம். மூன்று சுற்று ஒழுங்காகத் திரும்பியவர் நாலாவது சுற்றில் பெடலை மிதிக்க, அது தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கார் நேரே மானாப் புல்லுக்குள் போய் நின்றது. எனக்குப் போன் பண்ணியபோது சிரித்துக்கொண்டுதான் கதைத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் சில்லுகளிலிருந்து கருகிய நாற்றம் போகவில்லை.

"இனி அந்தப் பக்கம் காலடி வைச்சால் நான் வெள்ளவத்தைக்குப் போயிடுவன்" என்று கத்தினேன்.

"நீர் தினமும் வெள்ளவத்தைக்குத்தானே போறீர்" என்றார்.

அன்று சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்து எனக்கு அவர் பாடம் எடுத்தார். பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றுகிற சாமான். காலி வீதியில் போகிற வேகத்துக்கு வருகிற சூட்டை எந்த பிரேக்கும் தாங்கும். ஓடுபாதையில் திரும்பத் திரும்ப முழு வேகத்திலிருந்து அமத்தினால் டிஸ்க் பழுத்து, அதைக் கவ்வுகிற பேட் வழுக்கி, பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகிவிடும். ஆவி என்றால் காற்று மாதிரி, பெடல் பஞ்சாகிவிடும். அதனால் அதிக சூட்டில் கொதிக்கிற ஒயிலும், சூட்டுக்கு அஞ்சாத பேட்டும் போட வேண்டும். "ஓடுறது ஆருக்கும் ஏலும். நிப்பாட்டுறதுதான் காரியம்" என்றார். நான் கோப்பையைக் கழுவச் சொன்னேன்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் இருவரும் போனோம். அந்தத் தெருவில் ஒரு முழுக் காரைத் துண்டு துண்டாக வாங்கி வீட்டில் பூட்டலாம். நானா பேட் பெட்டியை என் கையில்தான் தந்தார். "மிஸ், இது சூடு ஏறினாத்தான் நல்லாப் புடிக்கும். காலைல வீட்டால எடுத்த கையோட புடிக்காது. தொரைக்கு நீங்கதான் ஞாபகப்படுத்தணும்" என்றார். வீட்டுக்கு வந்து நான் பெடலை மிதிக்க, அவர் எயார் எடுத்தார். அடுத்த முறை ஓடுபாதைக்கு நானும் போனேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணீரும் மீன் வைத்த மாலு பணிஸும் கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். ஓடுபாதை முடிகிற இடத்தில் கார் மூக்கைக் குத்தி நின்று திரும்புவதைப் பார்த்தபோது, எனக்கே தெரியாமல் எழுந்து நின்று கைதட்டினேன். கொடியோடு நின்ற பையன் ஓடி வந்து, "அய்யே, பிரேக் எலகிரி!" என்று காரின் கூரையில் தட்டினான். எலகிரி என்றால் சிங்களத்தில் பிரமாதம். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் கலியாண வாழ்க்கையில் எந்த நாளைத் திருப்பித் தர வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் கேட்பேன்.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்த முறைப்பாடு தொடங்கியது.

"பிரேக் பிடிக்குதில்லை" என்றார்.

"ஏன், வழுக்குதோ?"

"வழுக்கேல்லை. நிக்குது. ஆனா எனக்கு விளங்குதில்லை. எவ்வளவு அமத்திறன் எண்டு பெடல் சொல்லுதில்லை."

பெடல் என்ன ரேடியோவா சொல்வதற்கு என்று நான் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. பிரேக் ஒயில் போகிற ரப்பர் ஹோஸ் சூட்டில் ஊதுகிறது, அதனால்தான் அழுத்தம் தெரியவில்லை என்று முடிவு கட்டி, இரும்பு வலை பின்னிய ஹோஸ் வாங்கிப் பூட்டினார். எயார் எடுத்தோம். என் காலுக்குப் பெடல் கல்லு மாதிரி நின்றது. அவர் ஏறி மிதித்துவிட்டு, "இன்னும் பஞ்சாத்தான் கிடக்கு" என்றார். திரும்ப எடுத்தோம். பிறகு பாரமான வேறொரு காரின் பெரிய டிஸ்க்கும், பேட்டை இறுக்குகிற கலிப்பரும் வந்தன. பிறகு பெடலுக்கு மேலே இருக்கிற பம்பையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் நான் பாயைத் தட்டி விரித்துக் கொடுத்து, காருக்குள் ஏறி, சொன்ன நேரம் அமத்தி, சொன்ன நேரம் விட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குப் பெடல் முன்னையதைவிட இறுக்கமாக இருந்தது. அவருக்கு முன்னையதைவிடப் பஞ்சாக இருந்தது.

"எனக்கு நல்லாத்தான் கிடக்கு" என்றேன் ஒருநாள்.

"உமக்கு என்ன தெரியும்? ஓட்டுறவன் காலுக்குத்தான் தெரியும்."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன். அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு நான் வாயில் எடுத்ததில்லை.

ரோட்டில் அவரோடு போவதே சீவன் போகிற வேலையாகிவிட்டது. மெதுவாக வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஆளை முன்கண்ணாடியில் மோத விடுவது போல நிறுத்துவார். ஆமர் வீதிச் சந்தியில் பின்னால் வந்த பாண்காரனின் திரீவீல் எங்களில் இடிக்காமல் தப்பியது அவன் செய்த புண்ணியம். ஓடுபாதையில் சில்லுகள் இறுகி, வழுக்கி, ரயர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகின. பஞ்சிகாவத்தை நானா கடைசியில் கையை விரித்துவிட்டார். "தொரை, இனி மாத்துறதுக்கு ஒண்டும் இல்ல. மிச்சம் நீங்களும் ஸ்டேரிங்கும் மட்டும்தான்" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த ஆடி மாதம் வெள்ளவத்தைக் கோயில் தேர். அம்மாவுக்காக வருடா வருடம் இவரும் வருவார். சாமி கும்பிட மாட்டார். ஆனால் மரியாதைக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு தேருக்குப் பின்னால் நடப்பார். தேர் காலி வீதியில் நின்று நின்று நகர மத்தியானம் ஆகிவிட்டது. தார் உருகி மினுங்கியது. சனம் முழுக்க ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு நிழல் தேடியது. பெடியள் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடினார்கள். நானும் அம்மாவும் ஒரு புடவைக் கடைப் படியில் ஏறிவிட்டோம். அவர் மட்டும் நடுத்தாரில், குடையோடு, தேரைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார்.

"பார் உன்ர மனுசனை. எங்கட ஆக்களுக்கு இல்லாத பக்தி வேதக்காரருக்கு" என்றா அம்மா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக, என் தாய்க்காக, தன்னுடையதல்லாத சாமிக்கு முன்னால் நெருப்பில் நிற்கிறார் என்று நினைத்தேன். அன்று முழுக்க அவருக்கு நான் ஒரு ஏச்சுக்கூட ஏசவில்லை.

பிறகு நடந்த ஓடுபாதை நாளுக்கு அவர் கடைசி வைத்தியம் ஒன்று கண்டுபிடித்தார். பெடலில் இருந்த ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, துளை போட்ட அலுமினியத் தகடு ஒன்றைப் பூட்டினார். காலுக்கும் பெடலுக்கும் நடுவில் மெத்தென்று ஒன்றும் இருக்கக் கூடாதாம். சப்பாத்துப் போடாமல் ஓட்ட விடமாட்டார்கள் என்பதால், சோதிக்கிற இடம்வரை சப்பாத்தோடு போய், வரிசையில் நிற்கும்போது கழற்றிப் பக்கத்து சீற்றில் வைத்திருக்கிறார். இதெல்லாம் பிறகுதான் எனக்குச் சொன்னார். அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம், நான் போகவில்லை.

பின்னேரம் களைத்து வந்தார். காருக்குள் எப்போதும் கிடக்கிற செருப்போடு வந்து, அதை வாசலில் கழற்றிவிட்டு, "இண்டைக்கும் விளங்கேல்லை" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார், விறாந்தைக்கு வந்தார், காற்றாடியைப் போட்டார். நான் மேசையில் சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால், வெள்ளைத் தரையில் வாசலிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து விறாந்தைக்கும் ஒற்றைக் காலின் அடையாளம். வலது கால் மட்டும். சிவப்பு.

"எதை மிதிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஒயிலா இருக்கும்" என்றார்.

பிரேக் ஒயிலின் நிறம் எனக்குத் தெரியாதா? கதிரையில் இருத்திக் காலைத் தூக்கி மடியில் வைத்தேன். பெருவிரலுக்குக் கீழே தகட்டின் துளைகள் வட்டம் வட்டமாகத் தோலை வெட்டியிருந்தன. நடுவில் உரசல் சூட்டில் வெந்து, கொப்புளம் எழும்பி, உடைந்து, அதற்கு மேலேயே திரும்பத் திரும்ப மிதித்து மிதித்துச் சதை பிய்ந்திருந்தது. அந்தக் காலோடுதான் களுத்துறையிலிருந்து கொட்டாஞ்சேனைவரை காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நோகேல்லையா?"

"இல்லை" என்றார். வேறு யாருடையதோ கால் என் மடியில் இருப்பது போல எட்டிப் பார்த்தார். நான் புண்ணின் ஓரத்தில் விரலை வைத்தேன். அழுத்தினேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது செய்வதற்காகக் காத்திருப்பவர் மாதிரி.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஹோஸ், டிஸ்க், கலிப்பர், பம்ப் எல்லாம். காலி வீதித் தாரும். எல்லாவற்றிலும் நான் சொன்னதுதான் சரி என்றும் விளங்கியது. சரியாகச் சொன்னதற்காக எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை.

அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும், ஒளிவுமறைவில்லை. எங்கள் ஆட்களிடையே சீனி வருத்தம் ஒரு வருத்தமாகவே கணக்கில்லை. அவர் தகப்பனுக்கு இருந்தது, என் அம்மாவுக்கு இருக்கிறது, பக்கத்து வீட்டாருக்கு இருக்கிறது. கலியாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "உங்களுக்கு எவ்வளவு?" "எனக்கு இருநூறு" என்று பரிசு விழுந்த மாதிரிக் கதைத்துவிட்டு இரண்டாம் தரம் பாயசம் கேட்பார்கள். இவர் மருந்துக் குளிசையைப் போடுகிற நாளில் போடுவார், பாகற்காய் தின்ற நாளில் போட மாட்டார். காரின் ஒயிலை ஒருநாள் பிந்தி மாற்றினால் அவருக்கு நித்திரை வராது. தன் இரத்தத்தைப் பார்க்கச் சொன்னால், "எல்லாம் ஓடுது" என்பார். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம்தான் முதலில் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான்.

டொக்டர் ஒரு இளம் பெண். புண்ணைப் பார்த்துவிட்டு, மற்றக் காலையும் நீட்டச் சொன்னா. மீன்பிடி நூல் மாதிரி ஒரு மெல்லிய நைலோன் நரம்பைக் கையில் எடுத்தா.

"கண்ணை மூடுங்கோ. பாதத்தில படுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ."

குதிக்காலில் வைத்தா. நரம்பு வளைந்தது. அவர் பேசாமல் இருந்தார். நடுப்பாதத்தில் வைத்தா, விரல்களில் வைத்தா. பேச்சில்லை. பிறகு டொக்டர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தா. கொஞ்ச நேரத்தில் அவர், "ஓம்" என்றார். ஒருவரும் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் போக, "ஓம்" என்றார். இவ்வளவு நேரத்துக்குள் ஏதாவது பட்டிருக்கத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ ஒன்றை எழுதி வைக்கிற மாதிரி. கண்ணை இறுக்கி மூடி, முழுக் கவனத்தோடு, "ஓம்... இப்ப ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டொக்டர் நரம்பை மேசையில் வைத்துவிட்டு, "காணும், கண்ணைத் திறவுங்கோ" என்றா.

"எத்தினை சரி?" என்று கேட்டார்.

டொக்டர் என்னைப் பார்த்தா. நான் யன்னலைப் பார்த்தேன்.

புண் ஆறவில்லை. மருந்து கட்டினோம், காலைத் தூக்கி வைத்தோம், சீனியை விட்டார், சோற்றை விட்டார். முன்பு பேச்சுக் கேட்காத மனுசன் இப்போது சொன்னதெல்லாம் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெருவிரல் கறுத்தது. அதை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஒரு விரல் இல்லாமல் பிரேக் அமத்த ஏலுமா என்பதுதான். ஏலும் என்றேன். "பிறகேன் யோசிப்பான்" என்றார்.

ஆனால் காரை விற்கச் சொன்னதும் அவர்தான். வாசலில் அது நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி பார்க்க வந்தான். நான் பக்கத்து சீற்றில் ஏறினேன், அவன் ஓட்டினான். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி இறங்கி, விறாந்தையில் காலை முக்காலியில் தூக்கி வைத்தபடி இருந்தவரிடம் நேரே போனான்.

"அங்கிள், இப்பிடி ஒரு பிரேக் நான் ஒரு காரிலயும் காணேல்லை. காலை வைக்க முந்தியே கதைக்குது. ஆர் செய்தது?"

அவர் என்னைப் பார்த்தார். கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். "நாங்கள் ரெண்டு பேரும்தான்" என்றார். பிறகு, "காலமை சூடு ஏற முந்திக் கவனம், தம்பி" என்றும் சொன்னார். அவன் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன். வெளியே வந்தபோது அவர் முகமும் கழுவிய மாதிரித்தான் இருந்தது.

பெருவிரலோடு நிற்கவில்லை. கறுப்பு மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். விட்டால் ஆள் போய்விடும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் ஒரு புது வேலையில் இறங்கினார். என்னிடம் ஊசி கேட்டார். சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுக்க, வேண்டாம், நீரே குத்தும் என்றார். நான் குத்தவில்லை, நகத்தால் தொட்டேன். "இஞ்சயா? இஞ்சயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உணர்ச்சி வந்துவிட்டால் வெட்ட மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அப்படியில்லை, அது வேறு, இது இரத்தம் ஓடாமல் அழுகுவது என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னா. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டொக்டர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சமெண்டாலும் தெரிஞ்சால் விட்டுடுவினம். எந்தச் சாமானும் வேலை செய்தால் ஏன் கழட்டப்போயினம்?"

அவருக்காக நான் கொச்சிக்கடை வேதக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். வெள்ளவத்தையில் அம்மா தேங்காய் உடைத்தா. அவர் கேட்டது எங்களுக்குத் தெரியும். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நோக வேண்டும் என்றுதான் கேட்டார்.

காலமை சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு என்னை உள்ளே விட்டபோது கட்டிலில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தார். வெள்ளைத் துணி மார்பிலிருந்து இறங்கி, இடது பக்கம் கட்டிலின் நுனிவரை ஒரு காலாகப் போனது. வலது பக்கம் நடுவில் தணிந்து, அதற்குப் பிறகு மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தலைமாட்டில் போய் நின்று நெற்றியைத் தடவினேன்.

கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டதும், ஓடுபாதையிலிருந்து திரும்பி வந்த அந்த நல்ல நாளில் சிரித்த மாதிரிச் சிரித்தார். உதடு காய்ந்திருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நோகுது" என்றார்.

"எங்க?"

"கால். பாதம் முழுக்க எரியுது. பெருவிரல்கூட விளங்குது எனக்கு, ஒவ்வொரு விரலும் விளங்குது." என் கையைப் பிடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. "கெதியாப் போய் டொக்டரிட்டச் சொல்லும். இனி வெட்டத் தேவையில்லை எண்டு சொல்லும்."

"ஓம்" என்றேன். "சொல்லுறன்."